ராகு காலம் முடிந்த முதல் நிமிடம்

கம்ப்யூட்டர் சர்வர் பார்க்கிற வேலையும் ஆற்று மதகு பார்க்கிற வேலையும் ஒரே ரகம்: தண்ணீர் ஒழுங்காகப் போகும்வரை அப்படி ஓர் ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது, நின்றுவிட்டால்தான் பெயர் சொல்லித் தேடுவார்கள். இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போலக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடியின் பவரை ஏற்றிக்கொண்ட பாவாத்மாக்கள் யாராவது இருந்தால், வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

என் பெயர் அடைக்கலமேரி. பன்னிரண்டு வருடம் சென்னையில் சர்வர்களோடு மாரடித்தேன். கணவர் தஞ்சாவூரில் கணக்கு வாத்தியார். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடும்பம் நடத்தியது போதும் என்று ஊருக்குத் திரும்பி, மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு மெஸ்ஸின் மாடியில் இருக்கும் சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். ஆபீஸில் மூன்றே பேர். புரோகிராம் எழுத ராமநாதன், அது ஓடுகிற சர்வரைப் பார்த்துக்கொள்ள நான், எங்கள் இருவரையும் பார்த்துக்கொள்ளப் பாக்கியம் அக்கா. சம்பளப் பட்டியலில் அவர் துப்புரவுப் பணியாளர்.

எங்கள் சரக்கு ஒன்றே ஒன்று. நெல் அறுக்கும் மெஷினுக்கு விவசாயிகள் செல்போனிலேயே டோக்கன் போடும் சைட். அதற்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர், நீடாமங்கலத்தில் தொடங்கித் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வரை ஒரே ஆற்றுப் பாசனத்தில் இருக்கும் பதினோரு ஊர்களின் உழவர் குழு. ஒரு சம்பா அறுவடை முழுக்கச் சோதனை ஓட்டம். தலைவர் கோவிந்தராசு அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார். சைட்டால் அறுப்பு வண்டி கிடைக்காமல் ஒரே ஒரு வயலில் கதிர் மழையில் நனைந்து நெல் முளைத்தாலும் பழையபடி போனும் நோட்டும்தான். அப்படி ஆனால் மாடி ஆபீஸுக்குப் பூட்டு, எனக்கு மறுபடியும் சென்னை. அதை அவர் சொல்லவில்லை, எங்கள் முதலாளி போனில் சொன்னார்.

வாசலில் ஒருவர், பந்தியில் ஒருவர்

கோவிந்தராசு அண்ணன் எங்கள் ஆபீஸைப் பார்க்க வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன், கையில் ஒரு மஞ்சள் பை. "எங்க ஆளுங்க போன்ல தட்டினா இங்க எடுக்குறது யாரு?" என்று கேட்டார். "என் புரோகிராம்தான்" என்றார் ராமநாதன், தாடியைத் தடவிக்கொண்டு. எனக்குப் பொறுக்கவில்லை. வாய் இருக்கிறதே, அது என் பேச்சைக் கேட்காது.

எடுப்பது புரோகிராம் இல்லை, கெர்னல் என்றேன். கம்ப்யூட்டருக்குள் எல்லாப் புரோகிராமுக்கும் கீழே உட்கார்ந்து நிர்வாகம் பண்ணுகிற ஆள் அது. வெளியிலிருந்து யார் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். போன், 'வரலாமா?' என்று கேட்கும். கெர்னல், 'வாங்க, நான் பேசுவது கேட்கிறதா?' என்னும். போன், 'கேட்கிறது' என்னும். இந்த மூன்று பேச்சும் முடிந்தால் தொடர்பு உண்டாகிவிட்டது. அதுவரை ராமநாதனின் புரோகிராமுக்கு ஒன்றுமே தெரியாது. வந்தவரைக் கெர்னல் ஒரு பெஞ்சில் உட்கார வைக்கும். புரோகிராம் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக உள்ளே அனுப்பும்.

ராமநாதனுக்கு முகம் சுண்டிவிட்டது. தன் வீட்டு வாசலில் வேறு யாரோ நின்று விருந்தாளியை வரவேற்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது போல. கோவிந்தராசு அண்ணன் மட்டும் ஒரே நொடியில் பிடித்துக்கொண்டார். "ஆகா, வாசல்ல பன்னீர் தெளிச்சு உட்கார வைக்கிறது ஒருத்தர், பந்திக்குக் கூப்பிடுறது வேற ஒருத்தர். ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டாச் சரி, இல்லன்னா கல்யாண வீடு நாறிப்போயிடும்மா!"

துண்டு போட்டு இடம் பிடித்தவர்கள்

சைட் திறந்த மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கே சர்வர் மூச்சு முட்டியது. டோக்கன் போட்டவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. ஆனால் ஆயிரத்துச் சொச்சம் தொடர்புகள் திறந்து கிடந்தன. ஒரு புரோகிராம் ஒரே சமயத்தில் இத்தனைதான் திறந்து வைத்திருக்கலாம் என்று கெர்னலிடம் ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தொட்டதும், 'இனி ஒருவரையும் ஏற்க முடியாது' என்று புரோகிராம் அலற ஆரம்பித்தது.

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. பஸ் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு சீட் பிடிக்கிற ஊர் இது. விடிந்ததும் பக்கத்தைத் திறந்துவைத்தால் நம் இடம் நமக்கு என்று ஜனங்கள் முடிவு பண்ணிவிட்டார்கள். திறந்துவிட்டு, போனை மடியில் செருகிக்கொண்டு, டவர் இல்லாத வயலுக்குப் போய்விடுவார்கள். போனவர் போனார் என்று கெர்னலுக்கு எப்படித் தெரியும்? யாரும் 'வருகிறேன்' என்று சொல்லிக்கொண்டு போகவில்லை. அதனால் ஆள் இருப்பதாகவே எண்ணி இரண்டு மணி நேரம் பொறுத்திருக்கும். அதற்குப் பிறகுதான், 'இருக்கிறீர்களா?' என்று ஒரு குரல் கொடுத்துப் பார்க்கும். கெர்னலுக்குப் பொறுமை அதிகம். நான் அதை மூன்று நிமிடமாகக் குறைத்தேன், பதில் வராத தொடர்பையெல்லாம் வெட்டினேன்.

அன்று மத்தியானம் செல்வராணி அக்காவிடமிருந்து போன் வந்தது. கடைசி ஊர், கடைமடை. ஆற்றுத் தண்ணீர் எல்லோருக்கும் போய் மிஞ்சினால்தான் அங்கே எட்டிப்பார்க்கும். ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், தனி மனுஷியாக நின்று பயிர் வைத்திருக்கிறார். குரலைக் கேட்டாலே நாம் தப்பு செய்துவிட்டோம் என்று தோன்றும். "விடியக்காலம் துண்டு போட்டு வச்சுட்டுப் போனேன். வயலைப் பாத்துட்டு வர்றதுக்குள்ள துண்டையே தூக்கிக் கடாசிட்டியே தாயி!"

தட்டைக் கோடு

என் மேசையில் இரண்டு மானிட்டர். ஒன்றில் எந்நேரமும் ஒரு வரைபடம் ஓடும், எத்தனை பேர் வருகிறார்கள் என்று காட்டும். அதில் ஒரு விசித்திரத்தைக் கண்டேன். திங்கட்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ஈ காக்கை இல்லை. ஒன்பது அடித்ததும் கோடு தென்னை மர உயரத்துக்கு எகிறியது. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை தட்டை, அப்புறம் தென்னை மரம். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. தினமும் ஒன்றரை மணி நேரம், தினமும் வேறு வேறு நேரம்.

கரன்ட் கட்டா, டவர் கோளாறா, யாராவது வேண்டுமென்றே தாக்குகிறார்களா என்று நானும் ராமநாதனும் நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். நான் அந்தோணியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வளர்ந்தவள், எனக்குத் தெரியாது என்றால் நியாயம் உண்டு. ராமநாதனின் தாத்தா அந்தக் காலத்து மிராசுதார். வீட்டில் பஞ்சாங்கம் பார்க்காமல் பால்காரனைக்கூட மாற்ற மாட்டார்கள். அவருக்கும் உறைக்கவில்லை! கடைசியில் கோவிந்தராசு அண்ணனிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு தினசரி காலண்டரை எடுத்து என் மானிட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். ராகு காலம். பதினோரு ஊரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அது முடியக் காத்திருந்து, முதல் நிமிடத்தில் ஒன்றாகத் தட்டுகிறது.

அந்த ஒரு நிமிடத்தில் கெர்னலின் பெஞ்சு நிரம்பிவிடுகிறது. எங்களுடையது பழைய சர்வர், பெஞ்சில் நூற்று இருபத்தெட்டுப் பேருக்குத்தான் இடம். அன்றே அதை நாலாயிரம் பேர் உட்காரும்படி நீட்டினேன். அடுத்த சில நாள் தொந்தரவு இல்லை. என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். அந்தத் தட்டலுக்கு எவ்வளவு விலை என்று பிறகு தெரிந்தது. ராகு காலத்திலும் கொஞ்சம் பேர் போடலாமே, கூட்டம் குறையுமே என்று அண்ணனிடம் கெஞ்சிப் பார்த்தேன். "போடலாம்மா. ஆனா அந்த நேரத்துல டோக்கன் போட்ட வண்டி சேத்துல இறங்குனா, இழுக்க உங்க கம்ப்யூட்டரா வரும்?"

ஒரு நிமிடம் பெருக்காதே

ராமநாதனுக்கு ஒரு பழக்கம். புரோகிராமில் ஏதாவது திருத்தினால் பட்டென்று நிறுத்தி பட்டென்று கிளப்புவார். ஒரு தடவை கிளம்பவே இல்லை. 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது' என்று செய்தி வந்தது. "யாரு பயன்படுத்துறா? நான்தானே நிறுத்தினேன்!" என்று மேசையைக் குத்தினார். ஒரு நிமிடம் கழித்துக் கிளப்பினால் சமர்த்தாகக் கிளம்பியது.

தொடர்பு முடிந்துவிட்டாலும் கெர்னல் அந்த இடத்தை உடனே காலி பண்ணாது என்று விளக்கினேன். வழியில் எங்காவது சுற்றிக்கொண்டிருக்கும் கடைசித் தகவல் ஒன்று தாமதமாக வந்து சேரலாம். அது அடுத்து வருகிறவருடையது என்று குழம்பிவிடக் கூடாது. அதனால் ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்கும். 'பரவாயில்லை, அதே முகவரியைக் கொடு' என்று கேட்க ஒரு வரி எழுத வேண்டும், ராமநாதன் எழுத மறந்துவிட்டார்.

பாக்கியம் அக்கா விளக்குமாற்றோடு நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு விளக்குமாற்றை இடுப்பில் ஊன்றினார். "ஆள் கிளம்பின கையோட வீட்டைக் கூட்டக் கூடாதுன்னு மெஷினுக்கே தெரியுது. நேத்து அந்தத் தலைவர் படி இறங்குறதுக்குள்ள 'கூட்டுங்க, கூட்டுங்க'ன்னு என்னை விரட்டுனீங்களே, உங்களுக்குத் தெரியுதா?"

இல்லை என்று சொல்கிறவர்

சின்ன விஷயம், ஆனால் நம் தொழிலில் பாதிச் சண்டை இதில்தான். தட்டுகிற கதவில் ஆளே இல்லை என்றால் கெர்னல் உடனே 'இங்கே யாரும் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடும். ஆள் இருந்து, பெஞ்சு நிரம்பிவிட்டால்? அப்போது பதிலே சொல்லாது. மவுனம். எப்படியும் போன் இரண்டு நொடி, நான்கு நொடி விட்டு மறுபடி தட்டும், அதற்குள் இடம் வந்துவிடும் என்று ஒரு நல்லெண்ணம். நல்ல டவர் உள்ளவர் மறுபடி மறுபடி தட்டி உள்ளே போய்விடுவார். செல்வராணி அக்கா மாதிரி டவர் தேய்ந்த ஊர்க்காரர் வெளியிலேயே நிற்பார்.

இதைச் சொன்னதும் கோவிந்தராசு அண்ணன் முகம் மாறியது. எத்தனை ஆபீஸ் வாசலில் எத்தனை மனுவோடு நின்றிருப்பாரோ! "இல்லன்னு சொல்றவன் நல்லவன்ம்மா. வாயே திறக்காம உட்கார்ந்திருக்கான் பாரு, அவன்கிட்டதான் செருப்புத் தேயும்."

நூறுக்கு நூறு

தை கடைசி. கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிற நேரத்தில் மழை எச்சரிக்கை வந்தது, ஞாயிற்றுக்கிழமை கனமழை என்று. சனிக்கிழமை எல்லோருக்கும் அன்றைக்கே வண்டி வேண்டும். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. நான் பத்து மணிக்கே காலண்டரையும் மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாயிரம் பேர் பெஞ்சு இருக்கிறது, வரட்டும் என்று தெனாவெட்டு வேறு.

பத்து முப்பத்தொன்றுக்கு செல்வராணி அக்கா கூப்பிட்டார். வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு தாயி என்றார். ஈசானி மூலையில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கிறது, டயர் வண்டி இறங்காது, சேற்றில் புதையாத பெல்ட் வண்டிதான் வேண்டும், குழுவிடம் இருப்பதே மூன்று என்றார். ஒரு நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் தடவையும் கூப்பிட்டார். கெர்னலிடம் வரிசையைக் கேட்டேன். பெஞ்சில் நூறு பேர் இருக்கிறார்கள், பெஞ்சின் நீளம் நூறு என்றது. நாலாயிரம் எங்கே போனது?

சக பாவிகளே, உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். பெஞ்சின் நீளத்தைக் கெர்னல் மட்டும் தீர்மானிப்பதில்லை. புரோகிராமும் கிளம்பும்போது எத்தனை வேண்டும் என்று கேட்கும். இரண்டில் எது சின்னதோ அதுதான் செல்லும். ராமநாதன் என்றைக்கோ நூறு என்று எழுதியிருந்தார். வாசல்காரரும் பந்திக்காரரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்று முதல் நாளே அண்ணன் சொன்னார். கேட்காதது ராமநாதன் இல்லை, நான். திருத்தலாம், ஆனால் புரோகிராமை நிறுத்திக் கிளப்ப வேண்டும். நிறுத்தினால் பெஞ்சில் இருக்கும் நூறு பேரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள். அந்த நூறில் பெல்ட் வண்டி கிடைக்கவேண்டியவர் யாராவது இருந்தால்? அண்ணனைக் கூப்பிட்டேன். தப்பு என்னுடையது என்றேன். பெஞ்சு காலியாக வேண்டும், இரண்டு நிமிடம் யாரும் புதிதாகத் தட்டக் கூடாது என்றேன். "மன்னிப்பெல்லாம் அப்புறம் கேளு. பதினோரு ஊரும் ரெண்டு நிமிஷம் சும்மா இருக்கணும்னா, ராகு காலத்தைத் திரும்பக் கூப்பிட்டாத்தான் உண்டு!"

கடைமடை முதல்

ராகு காலத்தைக் கூப்பிடவில்லை, முறையைக் கூப்பிட்டார். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் ஒரு வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று முறை வைப்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. முறை என்று சொல்லிவிட்டால் அடுத்தவன் மதகில் கை வைக்க மாட்டார்கள். குழுவின் வாட்ஸ்அப்பில் அவர் குரல் வந்தது. "எல்லாரும் போனைக் கீழ வைங்க. முறை வைக்கிறோம். ஊருக்குக் கால் மணி நேரம். கடைமடையிலேருந்து ஆரம்பிக்குது." உடனே, தண்ணீர் முதலில் பாயும் தலைமடையிலிருந்து ஒரு குரல் எகிறியது: "தலைமடைக்காரன் கடைசியா? உலகத்துல இல்லாத முறையா இருக்கே!" அண்ணன் அசரவில்லை. "என் வயலும் தலைமடைதான்யா. மேட்டு நிலம், ஒரு நாள் தாங்கும். நான் எல்லாருக்கும் கடைசியில போடுறேன்" என்றார்.

அதற்குப் பிறகு என் மானிட்டரில் நடந்ததை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். தென்னை மரமாக நின்ற கோடு படிப்படியாக இறங்கித் தரையில் படுத்தது. ராகு காலமே இல்லை, ஆனால் தட்டைக் கோடு! பெஞ்சில் இருந்த நூறு பேரையும் கெர்னல் ஒவ்வொருவராக உள்ளே அனுப்பியது. தொண்ணூறு, நாற்பது, பன்னிரண்டு, பூஜ்யம். ஒரு பெல்ட் வண்டி மட்டும் மிச்சம் இருந்தது. ராமநாதன் நூறை நாலாயிரமாக்கி நிறுத்திக் கிளப்பினார். இந்தத் தடவை அந்த ஒரு வரியை எழுதியிருந்தார், உடனே கிளம்பியது. கடைமடையைத் தட்டச் சொல்லுங்கள் என்று அண்ணனுக்குப் போனில் சொன்னேன். அடுத்த நொடி ஒரே ஒரு தொடர்பு, தட்டுத் தடுமாறி, வந்தது. 'வரலாமா', 'வாங்க, கேட்கிறதா', அப்புறம் நீண்ட மவுனம். நான் நகத்தைக் கடித்தேன். 'கேட்கிறது.' செல்வராணி அக்காவின் டோக்கன் விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பாக்கியம் அக்கா முந்தானையை நீட்டினார்.

சாயங்காலம் நான்கு மணிக்குப் பெல்ட் வண்டி அவர் வயலில் இறங்கியது. இருட்டுவதற்குள் ஆறு மாவும் அறுத்து மூட்டை கட்டியாகிவிட்டது. மழை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் வந்தது. பதினோரு ஊரில் ஒரு வயலிலும் நெல் முளைக்கவில்லை. கோவிந்தராசு அண்ணனின் கடைசி நடை நெல் மூட்டை மட்டும் தூறலில் நனைந்தது, அதைச் சொல்லி இன்றைக்கும் என்னிடம் ஓசி காபி வாங்கிக் குடிக்கிறார். செல்வராணி அக்கா திங்கட்கிழமை கூப்பிட்டார், இந்தத் தடவை திட்டுவதற்கு இல்லை. "முப்பது வருஷமா எங்களுக்குத் தண்ணி கடைசியாத்தான் வருது. டோக்கனாவது முதல்ல வந்துச்சே தாயி!"

மூன்று வருட ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, ஆபீஸ் பூட்டாமல் இருக்கிறது, கணவரை ஏழு நாளும் பார்க்க முடிகிறது, ஆனால் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற அடைக்கலமேரியாகிய நான் தினமும் சீட்டில் உட்கார்ந்ததும் முதலில் பார்ப்பது மானிட்டரை அல்ல, ராகு காலத்தைத்தான்.